பட்டுச்சேலை கட்டி வந்த பாப்பர்

தாய்மொழிக்கு நன்றி சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிழைப்புக் கொடுத்த இங்கிலீஷுக்கு நன்றி சொல்கிறவர்களும் உண்டு, கொஞ்சம் ரகசியமாக. நான் நன்றி சொல்ல வேண்டியது லத்தீனுக்கு. அந்த மொழியை எனக்குப் படிக்கத் தெரியாது, எழுதத் தெரியாது, யாராவது எதிரில் நின்று பேசினால் அது லத்தீன்தான் என்று கண்டுபிடிக்கவும் தெரியாது. ஆனாலும் அறுபதுகளின் கடைசியில், காஞ்சிபுரத்தில் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு நான் வக்கீல் என்று சொல்லித் திரிந்த முதல் இரண்டு வருஷமும் எனக்குச் சோறு போட்டது லத்தீன்தான் என்று சொல்ல ஆசை. உண்மையில் சோறு போட்டது என் அம்மா. லத்தீன் கறிவேப்பிலை மாதிரி மேலே மிதந்தது.

சென்னையில் சட்டப் படிப்பை முடித்துவிட்டு ஊருக்குக் கிளம்பிய அன்று மூர் மார்க்கெட்டில் சட்ட லத்தீன் அகராதி ஒன்று வாங்கினேன். பழைய புத்தகம். அட்டை இல்லை. அட்டையோடு ஏ, பி, சி மூன்று எழுத்துக்கான பக்கங்களும் போயிருந்தன. கடைக்காரரிடம் காட்டினேன்.

“மிச்ச எழுத்தெல்லாம் இருக்குதே சார். அதை முடிச்சிட்டு வாங்க, பாத்துக்கலாம்” என்றார்.

ஆகவே என் லத்தீன் டி எழுத்தில்தான் ஆரம்பிக்கும். ‘போனா ஃபைடி’ என்றால் நல்லெண்ணத்தோடு என்று பொருள். அது என் அகராதியில் கிடையாது. ‘மாலா ஃபைடி’ என்றால் கெட்ட எண்ணத்தோடு. அந்தப் பக்கம் ஒரு கிழிசல்கூட இல்லாமல் பளிச்சென்று இருந்தது. இதை வைத்தே என் குணத்தை எடை போட்ட நண்பர்கள் உண்டு.

கோட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அது என் சீனியர் கொடுத்தது. அவருக்கு முன்னால் அவருடைய பெரியப்பா மகன் போட்டது. வெளிப்பக்கம் கறுப்பாகத்தான் இருந்தது. உள்பக்கத் துணி மட்டும் முதுகுப் பகுதியில் அடியோடு இற்றுப்போய்விட்டது. அம்மா ஒரு மாவு மூட்டையைப் பிரித்துத் துவைத்து, அளவாக வெட்டி உள்ளே வைத்துத் தைத்துக் கொடுத்தாள். மூட்டையில் நீல மையில் அச்சடித்திருந்த எழுத்து எத்தனை துவைத்தும் போகவில்லை. நிகர எடை ஐம்பது கிலோ. அப்போது என் எடையும் கிட்டத்தட்ட அதுதான் என்பதால் பொய் சொல்லிக்கொண்டு திரிகிறோமே என்ற உறுத்தல் எனக்கு ஏற்படவில்லை.

காஞ்சிபுரத்தைப் போல லத்தீனுக்கு ஏற்ற ஊர் வேறு கிடையாது. கோயில் ஊர். புரியாத மொழியில் நாலு வரி காதில் விழாமல் காலையில் பல் விளக்க முடியாது. புரியாததற்கு மரியாதை கொடுத்துப் பழகிய ஜனங்கள். ஒரு முறை தீர்ப்பான வழக்கை மறுபடி கிளறக்கூடாது என்பதைச் சொல்ல ஒரு கட்சிக்காரரிடம் ‘ரெஸ் ஜுடிகேட்டா’ என்றேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். சில சொற்கள் கோர்ட்டுப் படியிறங்கித் தெருவுக்கே வந்திருந்தன. வழக்குக்கு வராமல் போன ஆளை ‘எக்ஸ் பார்ட்டி’ என்பார்கள். டீக்கடையில் ஒருவர் கேட்பார், “எங்கப்பா அவன், நாலு நாளா ஆளையே காணோம்?” இன்னொருவர் சொல்வார், “அவன் எக்ஸ்பார்ட்டி ஆயிட்டாம்பா. மாமியார் வூட்ல விருந்து.”

எங்கள் ஊர் திருப்புட்குழி. அப்பா விவசாயி. எங்கள் குடும்பத்தில் கோர்ட்டுக்குள் சாட்சியாக அல்லாமல் நுழைந்த முதல் ஆள் நான். அப்பாவுக்கு அதில் இருந்த பெருமை கொஞ்சம் ஆபத்தானது. ஒருநாள் எங்கள் காளையை விலை பேச ஒருவர் வந்திருந்தார். அப்பா என்னை வாசலுக்குக் கூப்பிட்டார்.

“என் பையன் இங்கிலீசுக்கும் மேல ஒண்ணு படிச்சிருக்கிறான்பா. தோ, இவருக்கு ஒண்ணு சொல்லு.”

“நெமோ யூடெக்ஸ் இன் காசா சுவா” என்றேன். தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்கக்கூடாது என்று அர்த்தம். வந்தவர் காளையின் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்த கையை மெதுவாக எடுத்துவிட்டு, வீட்டில் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று போய்விட்டார். காளை விற்கவில்லை. அப்பாவுக்கு ரொம்பத் திருப்தி.

இப்படி ஊரையும் காளை வியாபாரியையும் பயமுறுத்துவதைத் தவிர வேறு வேலைக்கு வராத என் லத்தீன், ஒரே ஒரு முறை ஓர் ஆளுக்கு உபயோகப்பட்டது. அடுத்த வாரமே அதே ஆளைக் கவிழ்க்கவும் பார்த்தது.

ஃபீஸ் வராத வழக்குகளை எல்லாம் சீனியர் பெரிய மனசோடு என் மேஜைக்கு அனுப்பிவிடுவார். அப்படி வந்தவர் அய்யம்பேட்டைக்காரப் பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு. முன் அறையில் இவரும் இவர் கணவரும் தறி போட்டு நெய்துகொண்டிருந்தார்கள். அப்பா இறந்தார். அடுத்து கணவருக்கு நெஞ்சு நோய் வந்து சானடோரியத்தில் சேர்த்தார்கள். அந்தச் சமயம் பார்த்து அண்ணன் முன் அறையைப் பூட்டிவிட்டான். வீட்டை விற்க ஆளும் பார்த்துவிட்டான். வாங்க வருகிறவர் தறிக்குழியை மண்ணடித்து மூடி சிமெண்டுத் தரை போட்டுக் கடை வைக்கப் போகிறாராம். தறியில் உட்கார்ந்து நெய்கிறவர் கால் வைக்கிற பள்ளம் அது. அது போனால் தறி இல்லை, தறி இல்லையென்றால் அந்தப் பெண்ணுக்குப் பிழைப்பே இல்லை.

சட்டப்படி மகளுக்கும் பாகம் உண்டு. வழக்குப் போட்டால் நிச்சயம் கிடைக்கும். ஆனால் வழக்கு உள்ளே போக கோர்ட்டுக் கட்டணம் கட்ட வேண்டும். கட்ட வழியில்லாதவர்களுக்கு என்று ஒரு ஏற்பாடு இருந்தது. அதற்குப் பாப்பர் மனு என்று பெயர். அதை எழுதி அவர் முன்னால் வைத்தேன்.

“பாப்பர்னா இன்னா சாமி?”

“கட்டணம் கட்ட வசதி இல்லாதவங்கம்மா.”

“அதாவது பிச்சக்காரி.”

“அப்படி இல்லம்மா...”

“இங்கிலீசு படிச்ச பையன் எங்க எதிர் வூட்ல இருக்கிறான். அவனைக் கேட்டுட்டுத்தான் வர்றேன். எங்கப்பா இருந்த வரைக்கும் எங்க வாசலுக்கு வந்தவங்க யாரும் சும்மா திரும்பினது இல்ல. நான் போயி பிச்சக்காரின்னு கையெழுத்துப் போடணுமா? வேணாம் சாமி. குழிய அவனே மூடிக்கட்டும்.” பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. அகராதியைப் பிரித்தேன். நல்லவேளையாக ஐ எழுத்து இருந்தது.

“இன் ஃபார்மா பாப்பரிஸ்” என்று படித்தேன், கொஞ்சம் ராகமாக.

அவர் நின்றார். “இது இன்னா மந்திரம்?”

“மனுவோட அசல் பேரும்மா இது. பாப்பர்னு சொல்றது நம்ம ஆளுங்க சுருக்கிக்கினது. ஃபார்மான்னா உருவம். ஏழையோட உருவத்துலன்னு அர்த்தம். சட்டம் உங்களை ஏழைன்னு சொல்லவே இல்ல. ஏழை வேசம் கட்டிக்கினு உள்ள வரலாம்னுதான் சொல்லுது. உங்க ஊர்ல தெருக்கூத்து பாத்திருக்கீங்க இல்ல? துரியோதனன் வேசம் கட்டறானே, விடிஞ்சா அவன் துரியோதனனா?”

“விடிஞ்சா அவன் டீ குடிக்கப் போறான்.”

“அவ்ளோதாம்மா.”

அவர் மறுபடி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், எழுத்துகள் எல்லாம் தனக்குத் தெரிந்தவர்கள் போல.

“அந்த பாஷைல மரியாதை இருக்குது சாமி. இங்கிலீசுக்காரன் மூஞ்சிலயே அடிச்சாப்ல சொல்றான்” என்றார். “வேசம்னா சரி. எங்க போடணும் கையெழுத்து?”

லத்தீன் வாத்தியார் யாராவது அன்றைக்கு அங்கே இருந்திருந்தால் என்னை உதைத்திருப்பார். ஆனால் ரோமாபுரியில் பிறந்த மூன்று சொல், கையெழுத்துப் போட மறுத்த ஒருத்தியை காஞ்சிபுரத்தில் ஒரு நாற்காலியில் திரும்ப உட்கார வைத்தது. அந்த மூன்று சொல்லுக்கு நான் எப்போதும் கடமைப்பட்டவன்.

அவர் கிளம்பும்போது, “விசாரணை அன்னிக்கு நல்லபடியா வந்துடுங்கம்மா” என்று சொன்னேன். நேரத்தோடு வாருங்கள் என்ற அர்த்தத்தில்.

விசாரணை நாளில் சீனியர் செங்கல்பட்டில் வேறு வழக்குக்குப் போய்விட்டார். நான் முன்சீப் கோர்ட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். டவுன் பஸ்ஸிலிருந்து என் பாப்பர் இறங்கினார். அரக்குக் கலர் பட்டுச்சேலை. விரல் அகலத்துக்குச் சரிகைக் கரை. தலையில் பூ, நெற்றியில் பெரிய குங்குமம். வெயில் பட்டு அந்தக் கரை அடித்த மின்னலில் கோர்ட்டுச் சேவகர் தன்னை அறியாமல் வழிவிட்டார்.

“என்னம்மா இது?” என்றேன்.

“நல்லபடியா வரச் சொன்னீங்களே.”

அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள்.

எதிர்த்தரப்பு வக்கீல் ஊரிலேயே மூத்தவர். பொடி போடுகிறவர். சாட்சியிடம் கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் மூக்கில் பொடியை ஏற்றிவிடுவார். பதில் வந்ததும் தும்முவார். பாதி சாட்சிகள் அந்தத் தும்மலுக்கே உண்மையைச் சொல்லிவிடுவார்கள். அவருக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நிலம் நீச்சு எதுவும் இல்லை என்று கர்ணம் கொடுத்த சான்று ஏற்கெனவே இருந்தது. பெரியவர் அதைத் தொடவே இல்லை. நேராகச் சேலைக்கு வந்தார்.

“கட்டியிருக்கிறது என்ன சேலைம்மா?”

“பட்டு சாமி.”

“எந்த ஊர்ப் பட்டு?”

“இன்னா சாமி, காஞ்சிபுரத்துல நின்னுக்கினு எந்த ஊர்ப் பட்டுன்னு கேக்கறீங்க?”

கோர்ட்டு சிரித்தது. பெரியவரும் சிரித்தார். பிறகு தும்மினார்.

“கரையில மின்னறது?”

“சரிகைதான். நாங்களே நெய்ஞ்சது. என் கல்யாணப் பொடவை.”

“ஆனா நீங்க ஏழைன்னு மனுப் போட்டிருக்கீங்க.”

“அது வேசம் சாமி. வக்கீலய்யாதான் சொன்னாரு.”

கோர்ட்டில் இருந்த எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. முன்சீப் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார். அவர் தெற்கத்திக்காரர், புதிதாக மாற்றலாகி வந்தவர், சிரித்து யாரும் பார்த்ததில்லை.

“வேஷமா?” என்றார்.

நான் எழுந்தேன். மூளை காலியாக இருந்தது. இப்படிப்பட்ட சமயங்களில் என் வாய் என்னைக் கேட்காமல் அகராதியைத் திறந்துவிடும். ஆர் எழுத்தில் கைபட்டதை எடுத்தது.

“ரெஸ் இப்சா லோக்விட்டர், யுவர் ஆனர்!”

பொருள் தானே பேசும் என்று அர்த்தம். நடந்து போகிறவர் தலையில் மாடியிலிருந்து பீப்பாய் விழுந்தால், மாடிக்காரர் கவனக்குறைவுக்கு வேறு சாட்சி வேண்டாம், பீப்பாயே சாட்சி என்று சொல்லப் பயன்படுவது. இங்கே பொருள் என்றால் சரிகை போட்ட பட்டுச்சேலை. அது என்ன பேசும் என்பது சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

பெரியவர் எழுந்து எனக்கு ஒரு கும்பிடு போட்டார். “என் இளைய நண்பர் சொன்னதை அப்படியே ஏத்துக்கறேன், யுவர் ஆனர். பொருள் பேசிடுச்சு. கரையோட பேசிடுச்சு.”

முன்சீப் கடிகாரத்தைப் பார்த்தார். “மத்தியானம் எடுத்துக்கலாம். அதுக்குள்ள அந்தச் சேலை என்ன பேசுதுன்னு நீங்களும் விசாரிச்சுட்டு வாங்க” என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு புங்க மரம் உண்டு. தோற்கப்போகிற கட்சிக்காரர்கள் எல்லாம் அதன் கீழேதான் டிபன் சாப்பிடுவார்கள். அங்கே போய் நின்றோம்.

“தப்பா சொல்லிட்டேனா சாமி?”

“நீங்க சரியாத்தான் சொன்னீங்க. நான் சொல்லிக்குடுத்ததுதான்... வேற சேலையே இல்லியாம்மா?”

“ரெண்டு நூல் பொடவை இருக்குது. ரெண்டும் கிழிசல். அதைக் கட்டிக்கினு நியாயம் கேக்க வருவாங்களா? காயிதத்துலதான் வேசம். வர்ற ஆளு நான்தானே? எங்க ஊர்ல கோயிலுக்குப் போனாலும் சரி, பஞ்சாயத்துக்குப் போனாலும் சரி, கல்யாணப் பொடவைதான். சோத்துக்கு இல்லாத வூட்லயும் பொட்டியில அது ஒண்ணு இருக்கும்.”

“அதை வித்துக் கட்டணம் கட்டலாமேன்னு கேப்பாங்கம்மா.”

அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். பிறகு எனக்கு முதுகு காட்டாமல், மரத்துக்கு முதுகு காட்டி நின்றுகொண்டு, இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்த முந்தானையை ஒரு சாண் வெளியே எடுத்தார்.

முந்தானை இல்லை. பட்டு முடிந்த இடத்தில் அதே கலரில் சாயம் போட்ட நூல் துணி ஒட்டுத் தைத்திருந்தது.

எங்கள் ஊர்ப் பட்டில் உடலை ஒரு நிறத்திலும் முந்தானையை வேறு நிறத்திலும் நெய்து, இரண்டையும் தறியிலேயே இழைக்கு இழை இணைப்பார்கள். அந்த இணைப்புக்குப் பிட்னி என்று பெயர். சரிகையில் பெரும்பங்கு முந்தானையில்தான் இருக்கும். கணவரைச் சானடோரியத்தில் சேர்த்த மாதம், இவர் பிட்னியை ஒட்டி அளவாக வெட்டி, முந்தானையைப் பழைய சரிகை வாங்குகிறவரிடம் கொடுத்துவிட்டார். அவர் அதை உருக்கி வெள்ளி எடுத்திருப்பார். மிச்சம் இருந்தது மொட்டைச் சேலை. அதை விலைக்குக் கேட்கக் காஞ்சிபுரத்தில் ஆள் கிடையாது.

எனக்குக் கூத்தாட வேண்டும்போல இருந்தது. “இது போதும்மா! இதைக் காட்டினா ஒரே நிமிஷம்...”

“வேணாம்.”

“அம்மா...”

“எங்கண்ணன் எதிர்ல, முந்தானை இல்லாதவன்னு நான் நிக்க மாட்டேன். அவன் ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அவரு ஆஸ்பத்திரில கேள்விப்பட்டா அங்கேயே படுத்துடுவாரு. அவருக்கே தெரியாது இது. உங்ககிட்ட காட்டினது நீங்க வக்கீலுன்னு. வாயத் தொறக்க மாட்டேன்னு சொல்லுங்க.”

சொன்னேன். வாயைத் திறப்பது ஒன்றுதான் என் தொழில். அதையும் அந்த மரத்தடியில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

வக்கீல்கள் அறையில் உட்கார்ந்து, செய்ய வேண்டிய காரியத்தை அப்போதுதான் செய்தேன். சட்டப் புத்தகத்தில் பாப்பர் மனு பற்றிய விதியை முழுக்கப் படித்தேன். முதல் விதியிலேயே இருந்தது. ஒருவருக்கு என்ன இருக்கிறது என்று கணக்குப் பார்க்கும்போது, அவருக்குத் தேவையான உடுப்பைச் சேர்க்கக்கூடாது. ஒரு வாரமாக அந்த வரி மேஜையில் என் முன்னாலேயேதான் கிடந்திருக்கிறது. அதில் லத்தீன் இல்லாததால் என் கண் அதன் தலைமேலே ஏறிப் போயிருக்கிறது.

மத்தியானம் அந்த வரியைப் படித்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு முறை படித்தேன்.

பெரியவர் நிதானமாக எழுந்தார். “தேவையான உடுப்புன்னுதான் சட்டம் சொல்லுது, யுவர் ஆனர். மானத்தை மறைக்கிறதுக்கு நூல் சேலை போதும். பட்டு தேவை இல்ல, அது ஆடம்பரம்.”

முன்சீப் தலையை ஆட்டினார். அவர் பேனா எழுத ஆரம்பித்தது. நான் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண் சுவரோரமாக, இடுப்பில் ஒரு கையை அழுத்தி வைத்துக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் பேனா நின்றுவிடும். சொல்லக்கூடாது. டியிலிருந்து இசட் வரைக்கும் தேடினேன், ஒரு சொல் அகப்படவில்லை. முதுகில் வியர்வை ஓடி மாவு மூட்டை ஒட்டிக்கொண்டு அரித்தது.

அரித்தது நல்லதாய்ப் போயிற்று.

“யுவர் ஆனர்” என்றேன். என்னை அறியாமல், லத்தீன் கலக்காத வெறும் தமிழில் பேசிக்கொண்டிருந்தேன். “இந்தக் கோட்டைப் பாத்தா நான் யாரு?”

முன்சீப் பேனாவை நிறுத்தினார். “வக்கீல். அப்படித்தான் இதுவரைக்கும் நினைச்சுக்கிட்டிருக்கேன்.”

“வசதி உள்ளவனா தெரியறேனா?”

“பரவாயில்லாமத் தெரியறீங்க.”

நான் திரும்பி அவருக்கு முதுகைக் காட்டி நின்று, கோட்டின் பின்பக்கத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். உள்பக்கம் முழுக்கக் கோர்ட்டுக்குத் தெரிந்தது. நீல எழுத்தை முன்சீப்புக்குக் கீழே உட்கார்ந்திருந்த குமாஸ்தா சத்தமாகப் படித்தார். “நிகர எடை ஐம்பது கிலோ!”

அப்புறம் ஒரு நிமிஷம் ஒன்றும் கேட்கவில்லை, அவ்வளவு சிரிப்பு. சேவகர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோட்டுக்கு அடியிலிருந்து தலையை வெளியே எடுத்துத் திரும்பியபோது முன்சீப்பின் பற்களை முதன்முதலாகப் பார்த்தேன்.

“இது இல்லாம வந்தா இந்தக் கோர்ட்டு என்னைப் பேசவே விடாது” என்றேன். “அதனால இது எனக்குத் தேவையான உடுப்பு. இதை வித்தா எவ்வளவு தேறும்னு யாரும் என்னைக் கேட்டதில்ல. இந்த ஊர்ல, அந்தம்மாவுக்கு அந்தச் சேலைதான் கோட்டு. அது இல்லாம நியாயம் கேக்க வர்றது வழக்கம் இல்ல. வெளிப்பக்கம் மின்னுது, ஒத்துக்கறேன். உள்பக்கம் எப்படின்னு என்னைக் கேட்ட மாதிரி அவங்களைக் கேக்க வேணாம்.”

சிரிப்பு அடங்கியது. முன்சீப் பெரியவர் பக்கம் திரும்பினார். “நீங்க இந்த ஊர்க்காரர். இவர் சொல்ற மாதிரி வழக்கம் உண்டா?”

பெரியவர் பொடி டப்பாவைத் திறந்தார். சுவரோரம் நின்ற பெண்ணை ஒரு முறை பார்த்தார். பொடி எடுக்காமலே டப்பாவை மூடினார்.

“கல்யாணப் புடவை ஒண்ணு எல்லா வீட்டுலயும் இருக்கும், யுவர் ஆனர். அதை வச்சு யாரையும் பணக்காரங்கன்னு சொல்ல முடியாது. சேலையைப் பத்தி மேற்கொண்டு நான் அழுத்தல.”

பின்னால் இருந்த அண்ணன் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தான். அவர் திரும்பவில்லை.

மனு ஏற்கப்பட்டது. வழக்குக்கு நம்பர் விழுந்தது. தீரும் வரைக்கும் வீட்டில் ஒரு செங்கல்லையும் தொடக்கூடாது என்ற உத்தரவையும் அதே வாரம் வாங்கினேன். அதற்கும் ஒரு லத்தீன் உண்டு. நான் சொல்லவில்லை.

வராந்தாவில் அவர் கேட்டார், “வேசம் செல்லுமுன்னுட்டாங்களா?”

“செல்லும்னுட்டாங்கம்மா.”

“நீங்க போட்ட வேசம்தான் சாமி இன்னிக்கு நல்லா இருந்துச்சி” என்று சொல்லிவிட்டு டவுன் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

சாயங்காலம் பெரியவர் சைக்கிள் ரிக்‌ஷாவுக்காக நின்றுகொண்டிருந்தார். நெருங்கிப் போய் நின்றேன்.

“சார், ஏன் விட்டுட்டீங்க?”

“ஏம்பா, காஞ்சிபுரத்துல பட்டுக் கட்டினவ முந்தானையை விரிச்சுப் போடுவாளா, சுருட்டி இடுப்புக்குள்ள ஒளிச்சு வைப்பாளா? காலையிலேயே பாத்துட்டேன்.”

“அப்ப காலையிலேயே கேட்டிருக்கலாமே?”

“கேட்டிருந்தா அந்த நிமிஷமே என் கட்சி தோத்திருக்கும். எனக்கென்ன பைத்தியமா?” என்றார். ரிக்‌ஷா வந்தது. ஏறி உட்கார்ந்து ஒரு தும்மல் போட்டார்.

இதை நான் ரொம்ப வருஷம் மனசுக்குள் புரட்டிப் பார்த்திருக்கிறேன். காலையில் அவர் கேட்காதது தொழில் சாமர்த்தியம் என்றே வைத்துக்கொள்வோம். மத்தியானம் ஊர் வழக்கத்தை ஒத்துக்கொண்டதில் என்ன சாமர்த்தியம்? இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முன்சீப் நம்பியிருப்பார். போனா ஃபைடியாகத்தான் செய்தாரா? அந்தப் பக்கம் என் அகராதியில் இல்லை. எந்தப் பையிலிருந்து வந்திருந்தாலும் வந்தது நல்ல காசு. நன்றியோடு வாங்கி வைத்துக்கொண்டேன். வழக்கு முடிவு வரைக்கும் போகவில்லை. அண்ணனைப் பேசிச் சமாதானத்துக்குக் கொண்டுவந்து, முன் அறையைத் தங்கைக்கு எழுதிக்கொடுக்க வைத்தவரும் அவரேதான்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். பெண் செவிலிமேடு. ஊர் முழுக்க அழைத்தேன், எதிர்க்கட்சிகள் உட்பட. பந்தியில் ஒரு பக்கம் பெரியவர் எனக்கு இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்தார். அப்போது அவர் வந்தார், என் பாப்பர். சானடோரியத்திலிருந்து தேறி வந்த கணவர் மெதுவாகப் பின்னால் நடந்து வந்தார். அதே அரக்குக் கலர் பட்டு. ஆனால் தோளிலிருந்து கணுக்கால் வரைக்கும், மடிப்பில்லாமல், விரித்துப் போட்ட முந்தானை. கிளிப்பச்சை. மலிவுச் சரிகைதான், பார்த்தாலே தெரிந்தது. வேறு சேலைகள் நெய்து மிச்சம் விழுந்த பாவு நூலில், மூடாமல் தப்பித்த அந்தத் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்தது. மொட்டை விளிம்பில் வைத்துத் தைத்த தையல் தூரத்திலிருந்தே தெரிந்தது. அவர் மறைக்கவில்லை.

நேராக எங்கள் இலைக்கு எதிரில் வந்து நின்றார்.

“பாத்தீங்களா சாமி?” முந்தானையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். “இவருகிட்டயும் சொல்லிட்டேன். இனிமே நீங்க யார்கிட்ட வேணும்னாலும் சொல்லிக்குங்க.”

பக்கத்தில் இருந்த மணப்பெண் என் காதில் கேட்டாள், “என்ன சொல்லணும்? அந்த முந்தானை ஏன் வேற கலர்ல இருக்குது?”

இரண்டு இலை தள்ளிப் பெரியவர் தலையை நீட்டினார். “தம்பி! அன்னிக்குச் சொன்னியே ஒரு லத்தீன், அதை இப்ப சொல்லுடா!”

என் வாய் நிறைய ஜாங்கிரி இருந்தது. பொருள் தானே பேசும் என்ற அந்த லத்தீனைச் சரியான இடத்தில் சொல்ல எனக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே வாய்ப்பு அது. விழுங்கி முடிப்பதற்குள் அந்தப் பெண் முந்தானையைத் தோளில் சரிசெய்துகொண்டு, கணவருக்குப் பக்கத்தில் இடம் பார்த்து உட்காரப் போய்விட்டார். எனக்குச் சொல்ல ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. இன்னொரு ஜாங்கிரி கேட்டேன்.